அரைக்குக் கீழே

எட்டு மைல் சந்திப்பில் ஏறும்போதே
சவரிராயன் சொல்லிவிட்டார்:
"முன்னாடி உக்காருங்க அக்கா,
எனக்கு இடது கண்ணு நீங்கதான்."

யாங்கோனில் வண்டிகள் வலப்புறம் ஓடும்.
ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை என்பதால்
ஸ்டீயரிங்கும் வலப்புறம்.
நடைபாதையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு
முன்வண்டியின் முதுகு மட்டும் தெரியும்.
அதற்கும் முன்னால் என்ன என்பதை
பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டும்.

என் மடியில் நோட்டு.
ஆறு வாரம் லேதான் மேம்பாலத்தின் கீழே நின்று
எண்ணிய வண்டிகள். ஒரு சமன்பாடு.
அது கேட்பது இரண்டே இரண்டு:
முன்வண்டி விலகினால் எவ்வளவு அவசரமாகப் பாய்வாய்?
அதைக் கண்டு உன் கால் அசைய எத்தனை நொடி?
இரண்டையும் பெருக்கு.
அரைக்குக் கீழே என்றால்
ஒருவரின் தடுமாற்றம் பின்னால் போகப்போகக் கரைந்துவிடும்.
அரையைத் தாண்டினால்,
வெற்றிலை துப்பக் கதவைத் திறந்தவர் லேசாக மிதித்ததை
அடுத்தவர் கொஞ்சம் கூட்டி மிதிப்பார்,
அவருக்குப் பின்னவர் இன்னும் கூட்டி.
நாற்பதாவது வண்டி நின்றே போகும்.
விபத்தில்லை. பள்ளமில்லை. மந்திரியும் வரவில்லை.
காரணத்தைத் தேடி முன்னே போனால்
காலிச் சாலைதான் கிடக்கும்.

காமாயுட்டில் நின்றோம்.
இடப்பக்கம், எதிர்ச்சாலைக்கு அப்பால், இன்யா ஏரி.
நெரிசல் என்பது வண்டிகள் அல்ல என்று
வகுப்பில் ஒருநாளும் புரியவைக்க முடிந்ததில்லை.
வண்டிகள் அதற்குள் நுழைகின்றன, வெளியேறுகின்றன.
அது மட்டும் பின்னோக்கி நகர்கிறது,
வரிசையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்
கொட்டாவி மாதிரி.

இன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.
தனாக்கா பூசிய பெண் ஒருத்தி
மல்லிகைச் சரங்களைக் குச்சியில் தொங்கவிட்டு
நின்ற வண்டிகளின் நடுவே வடக்கே போனாள்,
ஓட்டமும் நடையுமாக.
எங்கள் வரிசை நகர்ந்தது. அவள் சட்டை செய்யவில்லை.
அடுத்து நிற்கப்போகும் வண்டியிடம்
சரியாக அது நிற்கும்போது போய்ச் சேர்ந்தாள்.
நாங்களெல்லாம் நெரிசலைக் கடக்கிறோம்.
அவள் அதோடு நடக்கிறாள்.
நான் எண்ணி எண்ணி எடுத்த அலையின் வேகம்
அவள் செருப்புக்குத் தெரியும்.

சவரிராயன் யாரையும் ஒட்டிப் போகவில்லை.
இரண்டு வண்டி நுழையும் இடம் விட்டே ஊர்ந்தார்.
ஒருவன் நுழைந்தான். பிறகு இன்னொருவன்.
மறுபடி இடம் விட்டார்.
"நாலு வண்டி தள்ளி சிவப்பு எரியுது" என்றேன்.
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான்.
பிரேக்கைத் தொடவே இல்லை.
திரும்பிப் பார்த்தால்
முகப்பு விளக்கை மின்னி மின்னி எங்களைத் திட்டியபடி
ஒரு நீண்ட வரிசை,
மெதுவாக, ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல்
வந்துகொண்டிருந்தது.
அலை எங்கள் வண்டியில் முட்டி அடங்கியிருந்தது.

காகிதத்தில் நான் கற்பனை செய்து
கிரேக்க எழுத்தில் பெயர் வைத்திருந்த ஆள்
அடையாள அட்டையில் கோ ஸா மின் என்ற பெயரோடு
பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிண்ணே இவ்வளவு நிதானம்?"
சிரித்தார். வாயெல்லாம் சிவப்பு.
"நிதானமா? பிரேக் கட்டை தேஞ்சு மூணு மாசமாச்சு.
சட்டுனு மிதிச்சா நிக்காது.
அடுத்த மாசம் சீட்டு விழும், முதல் வேலை அதுதான்.
மாத்திட்டா நானும் எல்லாரு மாதிரி ஓட்டலாம்."

டாஷ்போர்டில் அந்தோணியார்.
அவர் காலடியில் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு படங்கள்.
"கண்டிப்பா மாத்திடுங்க" என்றேன்.

லேதானில் இறங்கி
மேம்பாலத் தூணில் நோட்டைச் சாய்த்து
அவருக்கான வரியில் 0.3 என்று எழுதினேன்.
பக்கத்தில், பென்சிலால்,
சீட்டு விழும் மாதத்தை.